ராயபுரத்துக்கு அடுத்தது ராயப்பேட்டை

1958 மே 14, புதன்கிழமை. காலை ஐந்து மணிக்கு எழுந்தேன். ஊரிலும் அதே நேரம்தான். சென்னை எழும்பூரில் நாங்கள் தங்கியிருந்த சத்திரத்தின் கிணற்றடியில் பல் துலக்கி, இரண்டு வாளித் தண்ணீரில் குளித்தேன். ஐந்து நாற்பதுக்குத் திருநீறு பூசி, கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன். ஆறு மணிக்குக் காபி. ஆறு பத்துக்கு டைரியை எடுத்து முதல் நாள் பார்த்தவற்றை எழுதினேன்: முற்பகல் செத்த காலேஜ், பிற்பகல் உயிர் காலேஜ். மியூசியத்தையும் மிருகக்காட்சிசாலையையும் எங்கள் பக்கத்து ஜனங்கள் அப்படித்தான் சொல்லுவார்கள். புலி தூங்கிக்கொண்டிருந்தது என்றும் குறித்திருக்கிறேன்.

ஆறரைக்கு மாடியிலிருந்து சார்ட்டர் இறங்கி வந்தார். கையில் நாலாக மடித்த ஒரு முழுத்தாள். அதில் அன்றைய நாளுக்கான இடங்களை வரிசை எண் போட்டு எழுதியிருந்தார்.

அவருக்குப் பெயர் உண்டு. ஆனால் திண்டுக்கல்லில் எங்கள் தெருவில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. தபால் ஆபீஸில் ஊர் ஊராகக் கடிதம் பிரிக்கிற வேலை, அதனால் சார்ட்டர். அவர் மனைவியைக்கூடச் 'சார்ட்டரம்மா' என்றுதான் சொன்னோம். நான் மட்டும் மதினி என்பேன். அவர்கள் வீடும் என் வீடும் ஒரே சுவர். அவர் நாலு மணிக்கு எழுந்து கதவு திறக்கிற சத்தம் எனக்குக் கேட்கும். நான் ஐந்து மணிக்கு வாளி இறக்குகிற சத்தம் அவருக்குக் கேட்கும்.

உயரமான மனிதர். சற்றுக் கூன் உண்டு. நின்றுகொண்டே வேலை செய்ததால் வந்த கூன். ஆபீஸில் அவருக்கு எதிரே ஒரு பெரிய மர அலமாரி இருக்கும். புறாக்கூடு மாதிரி அறை அறையாகத் தடுத்தது. ஒவ்வொரு அறைக்கும் ஒரு ஊர். சென்னைக்கு மட்டும் தனியாக ஒரு பக்கம். சென்னையில் பேட்டைக்குப் பேட்டை தபால் எண் உண்டல்லவா, அந்த எண்படி அறைகள். ஒரு நாள் ஸ்டாம்பு வாங்கப் போனபோது ஜன்னல் கம்பி வழியே பார்த்தேன். இடது கையில் கடிதக் கட்டு. வலது கை ஒரு கடிதத்தை எடுக்கும், கண் விலாசத்தில் விழும், கை போய்விடும். அலமாரியை அவர் பார்ப்பதே இல்லை.

அந்தக் கைப்பழக்கம் ஆபீஸோடு நிற்கவில்லை. தெருவில் யாராவது பேச்சுவாக்கில் மயிலாப்பூர் என்றால் அவருடைய வலது கை தானாகத் தோள் உயரத்துக்கு எழும். "நாலு" என்பார். சைதாப்பேட்டை என்றால் கை இடுப்புக்குக் கீழே இறங்கும். "பதினஞ்சு." எந்தத் தெருவைச் சொன்னாலும் எண் வரும். மாடவீதி என்று ஒருவர் சொன்னால், எந்த மாடவீதி என்று கேட்பார். மயிலாப்பூர் என்றால் நாலு, திருவல்லிக்கேணி என்றால் அஞ்சு. தம்புச் செட்டித் தெரு என்றதும் அவர் முகம் மலரும். "ஒண்ணு. கடுதாசியிலயே பெரிய தெரு அதுதான். ஒரு நாளைக்கு ஒரு கட்டுக்குக் குறையாது."

கை போகிற பக்கமே அந்த ஊர் இருக்கிற பக்கம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். பிறந்து வளர்ந்த ஊரைப் பற்றிப் பேசுகிறவன்தான் அப்படித் திசை காட்டுவான்.

ஒரு முறை தபால்பெட்டிக்குப் பக்கத்தில் என்னை நிறுத்திவிட்டார். நான் கையில் வைத்திருந்த கார்டில் பெரம்பூரிலிருந்த என் மைத்துனர் பெயரும் தெருப் பெயரும் எழுதியிருந்தேன். வீட்டு எண் எழுதவில்லை. அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"தம்பி, இது ஊருக்குப் போயிரும். வீட்டுக்குப் போகாது."

எழுத்தில் ஒழுங்கு பார்க்கிறவன் நான். பள்ளிக்கூட ஆபீஸில் எழுத்தர் வேலை. பதிவேட்டில் ஒரு முதலெழுத்து விடுபட்டால் எனக்குத் தூக்கம் வராது. என்னையே திருத்தினார் என்பதால் அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது.

தெருவெல்லாம் அவரை நம்பியது 1955-இல் நடந்த ஒரு கல்யாணப் பேச்சுக்குப் பிறகுதான். தெருக்கோடியில் இருந்த பருத்தி வியாபாரியின் மகளுக்குச் சென்னையிலிருந்து ஒரு வரன் வந்தது. சொந்த வீடு, திருவல்லிக்கேணியில், கதவு எண் நூற்றுப் பதினெட்டு என்றார்கள். வியாபாரி அந்த விலாசத்தைப் பெருமையோடு சார்ட்டரிடம் காட்டினார். சார்ட்டரின் கை எழும்பி, பாதியில் நின்றுவிட்டது. அந்தத் தெரு எழுபத்தாறோடு முடிந்துவிடும், நூற்றுப் பதினெட்டு கிடையாது என்றார். வியாபாரிக்குக் கோபம். ஆனாலும் மனசு கேட்காமல் ரயில் ஏறிப் போய்ப் பார்த்தார். தெரு எழுபத்தாறில்தான் முடிந்திருந்தது. திரும்பி வந்த அன்றே ஒரு தார் சிறுமலைப் பழத்தைத் தூக்கிக்கொண்டு சார்ட்டர் வீட்டு வாசலில் நின்றார். தெருவில் உள்ள நாங்கள் எல்லாரும் ஆளுக்கு இரண்டு பழம் தின்றோம். தெருத் தெருவாக நடந்து எண்ணிப் பார்த்த மனுஷனுக்குத்தான் இப்படி வரும் என்று பேசிக்கொண்டோம்.

மதினியிடம் என் மனைவி கேட்டிருக்கிறாள், அண்ணன் பட்டணத்தில் எத்தனை வருஷம் இருந்தார் என்று. அவுகளத்தான் கேக்கணும் என்று சொல்லிவிட்டு மதினி குழம்பைக் கிண்டப் போய்விட்டாளாம். நான் அவரையே கேட்டேன். பதில் டைரியில் இருக்கிறது: "இருவத்திரெண்டு வருஷமா அந்த ஊரோடதான் தம்பி பழக்கம்."

ஆகவே 1958 கோடையில் எங்கள் தெருவில் நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து சென்னைக்குச் சுற்றிப் பார்க்கப் போவது என்று முடிவானபோது, யார் கூட்டிக்கொண்டு போவது என்ற கேள்வியே எழவில்லை. நாங்கள் கேட்டபோது அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. லீவு கிடைக்காது என்றார், முழங்கால் வலி என்றார். பாய்தான் விடவில்லை. தோல் கிடங்கில் மேஸ்திரியாக இருந்தவர் அவர், எதிர்வீடு. அவருடைய முதலாளி மாதம் ஒரு முறை சென்னை போய் வருவார். பாய் போனதே இல்லை. "எங்க மொதலாளி பாத்த ஊர நான் பாத்துட்டு வந்து அவர்ட்டயே கதை சொல்லணும் சார்ட்டர்" என்று பிடித்துக்கொண்டார். ஒரு வாரம் கழித்துச் சார்ட்டர் சம்மதித்தார். அதற்குப் பிறகு கிளம்புகிற நாள்வரை அவர் வீட்டில் காலை மூன்று மணிக்கே கதவு திறந்தது. காரணம் எனக்கு அப்போது தெரியவில்லை.

பதினொரு பேர். அதில் என் பக்கம் நான், என் மனைவி, என் அக்கா. அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். அத்தான் இறந்த பிறகு என்னோடு இருந்தாள். எழுதப் படிக்கத் தெரியாது. வத்தலக்குண்டைத் தாண்டி அவள் எங்கும் போனதில்லை. அவள் கையைப் பிடித்து ரயிலேற்றியபோது, கூட்டிப் போகிற மாதிரியே திருப்பிக் கூட்டி வந்துவிடு என்று சிரித்துக்கொண்டு சொன்னாள்.

இனி 14-ஆம் தேதிக்கு வருகிறேன்.

அன்றைய திட்டம் இது. காலையில் ராயபுரம் போய்க் கப்பலும் மீன்பிடிப் படகும் பார்ப்பது. பகல் சாப்பாட்டுக்கு ராயப்பேட்டை மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் என் மனைவியின் சித்தப்பா வீடு. பதினொரு பேருக்கும் சமைத்து வைப்பதாக எழுதியிருந்தார்கள். ராயபுரத்திலிருந்து ராயப்பேட்டைக்கு எப்படிப் போவது என்று நான் கேட்டேன். சார்ட்டர் தாளைப் பார்க்காமலே, பொடிநடையாகப் போய்விடலாம் என்றார். வழியில் யாரிடமும் எதுவும் கேட்க வேண்டாம், ஊர்நாட்டான் என்று தெரிந்தால் ஏமாற்றிவிடுவார்கள் என்றும் சொன்னார். எங்களுக்கும் அந்தப் பயம் இருந்தது. பெண்கள் கழுத்துச் சங்கிலியை முந்தானைக்குள் இழுத்துவிட்டுக்கொண்டார்கள்.

பஸ்ஸில் ராயபுரம் போய் இறங்கியபோது மணி எட்டே கால். கப்பல் தூரத்தில் நின்றது. பாய் அதைப் பார்த்து, இதில் எத்தனை ஆயிரம் தோல் ஏறும் என்று கணக்குப் போட்டார். அக்கா கடலைப் பார்த்துவிட்டு, இது அடிக்கடி வற்றுமா என்று என்னிடம் கேட்டாள். வற்றாது என்றேன். அவள் நம்பவில்லை.

ஒன்பது முப்பத்தைந்துக்கு நடக்க ஆரம்பித்தோம். சார்ட்டர் முன்னால் போனார். அவர் பின்னால் ஆண்கள், அதற்குப் பின்னால் பெண்கள். எதிரே வருகிற தெருப் பலகைகளை எல்லாம் அவர் உரக்கப் படித்துக்கொண்டே நடந்தார். படிக்கிறபோது அவர் குரலில் இருந்த சந்தோஷம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வெகுநாளாகப் பேர் மட்டும் தெரிந்த சொந்தக்காரர்களை ஒரு கல்யாண வீட்டில் முதல்முதலாகச் சந்தித்தவர் மாதிரி இருந்தார். வெயில் ஏறியது. பத்து மணிக்கு, இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டேன்.

"பதிமூணு முடிஞ்சாப் பதினாலுதானே தம்பி."

அதை நான் பதிலாக எடுத்துக்கொண்டேன்.

பத்து நாற்பதுக்குத் தம்புச் செட்டித் தெரு வந்தது. பலகையைப் படித்தவர் நின்றுவிட்டார். மேலே படிக்கவும் இல்லை, நடக்கவும் இல்லை. கைவண்டிகளும் மூட்டைகளும் ஆட்களுமாக நெரிசல். அவர் ஒரு ஓரமாக ஒதுங்கி, ஒரு கம்பெனி வாசலில் தொங்கிய தபால்பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். நின்றது நல்லதாகப் போயிற்று என்று நாங்கள் பக்கத்துச் சந்துக்குள் போனோம். அங்கே ஒரு தெருக்குழாய். கைப்பிடி கழன்று தண்ணீர் தானாக ஊற்றிக்கொண்டிருந்தது. எல்லாரும் குடித்தோம். பத்து ஐம்பது என்று குறித்துக்கொண்டேன்.

அதன்பின் ஐகோர்ட்டு, கோட்டை, பாலம், மவுண்ட் ரோடு. செருப்பு இல்லாத பெண்கள் கட்டிட நிழலைத் தேடித் தேடி நடந்தார்கள். சார்ட்டர் இப்போது பலகைகளைச் சத்தமாகப் படிக்கவில்லை. ஒவ்வொரு முனையிலும் நின்று நாலு பக்கமும் பார்த்தார். ராயப்பேட்டை எங்கே இருக்கிறது என்று பாய் கேட்டதற்கு அவர் கை வழக்கம்போலத் தானாக எழும்பித் தலைக்கு மேலே போனது.

"மேல காட்டுறீங்களே சார்ட்டர், மாடியிலயா இருக்கு?" என்றார் பாய். கொஞ்ச தூரம் போனதும், "நம்மளப் பாத்து ராயப்பேட்டை ஓடிக்கிட்டே இருக்கு போல" என்றார். எல்லாரும் சிரித்தோம். சார்ட்டர் சிரிக்கவில்லை.

ராயப்பேட்டை மணிக்கூண்டுக்கு வந்து சேர்ந்தபோது அதிலேயே மணி ஒன்று ஐந்து. மதினி நிழலில் உட்கார்ந்து காலை நீட்டினாள். என் மனைவி சுற்றிப் பார்த்துவிட்டு, அக்கா எங்கே என்று என்னைக் கேட்டாள்.

நான் அக்கா பெண்களோடு வருகிறாள் என்று நினைத்திருந்தேன். பெண்கள் அவள் தம்பியோடு முன்னால் போகிறாள் என்று நினைத்திருந்தார்கள். எண்ணினேன். பத்துப் பேர்.

என் உடம்பில் அப்போது என்ன நடந்தது என்று எழுத முயன்றிருக்கிறேன். டைரியில் அந்த இடத்தில் எழுத்து கோணலாக இருக்கிறது. எழுத்தறியாத, ஐம்பது வயதுப் பெண். சத்திரத்தின் பெயர் அவளுக்குத் தெரியாது. எழும்பூர் என்ற பெயர்கூட நினைவிருக்குமோ இல்லையோ. எந்த இடத்தில் விட்டோம் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. மவுண்ட் ரோட்டில் என்றாள் ஒருத்தி. பாலத்தில் பார்த்தேன் என்றாள் இன்னொருத்தி.

நான் சார்ட்டர்மேல் பாய்ந்தேன். அதுவரை அவரிடம் நான் குரல் உயர்த்தியதில்லை. "அண்ணே, இது உங்க ஊரு. சந்துசந்தா உங்களுக்குத் தெரியும். எங்கக்கா எந்தச் சந்துல இருக்கான்னு சொல்லுங்க."

அவர் கையிலிருந்த தாளை மடித்தார். மடித்ததையே மறுபடி மடித்தார்.

"தம்பி, நான் இந்த ஊருக்கு வந்ததே இல்ல."

அவரே தொடர்ந்தார். "அலமாரியில பதிமூணும் பதினாலும் பக்கத்துப் பக்கத்து அறை. நடுவுல ஒரு பலகைதான். இருவத்திரெண்டு வருஷமா என் கைக்கு ராயபுரமும் ராயப்பேட்டையும் அடுத்த வீடு. இம்புட்டு தூரம் இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல தம்பி."

நான் மதினியைப் பார்த்தேன். அவள் தலையைக் கவிழ்க்கவில்லை. "ஒரு நாள் ராத்திரிகூட வெளிய தங்காத மனுஷன் எப்பப் போயிருப்பாக?" என்று என்னையே கேட்டாள். "ஊரே சொல்லுச்சு. நான் இல்லன்னு சொல்லலை. அதுக்கு என்னை ஏசுங்க. இப்ப அக்காவத் தேடுங்க."

பிற்பாடு ஊருக்கு வந்ததும் பழைய டைரிகளைப் புரட்டிப் பார்த்தேன். அவர் சொன்னதாக நான் குறித்துவைத்த பேச்சு எல்லாவற்றையும் படித்தேன். சென்னைக்குப் போனேன், இருந்தேன், பார்த்தேன் என்று அவர் ஓரிடத்திலும் சொல்லியிருக்கவில்லை. எண்கள் சொன்னார், தெருக்கள் சொன்னார். மீதியை நாங்கள் எழுதிக்கொண்டோம். எழுபத்தாறோடு முடிகிற தெருவும் அப்படித்தான். எழுபத்தாறுக்கு மேல் அந்தத் தெருவுக்கு ஒரு கடிதமும் அவர் கையில் வந்ததில்லை. மாட்டேன் என்று ஒரு வாரம் சாக்குச் சொன்னதும், சம்மதித்த பிறகு அதிகாலையில் விளக்கேற்றி எங்கிருந்தோ வாங்கிவந்த வழிகாட்டிப் புத்தகத்தை மனப்பாடம் செய்ததும் பிறகுதான் தெரிந்தது. புத்தகத்தில் பார்க்கவேண்டிய இடங்கள் இருந்தன. வரைபடம் இல்லை.

ஆனால் மணிக்கூண்டு நிழலில் எனக்கு இந்த நியாயமெல்லாம் தோன்றவில்லை. போலீஸுக்குப் போகலாம் என்றார் பாய். மவுண்ட் ரோட்டில் ஆளுக்கு ஒரு பக்கமாகத் தேடலாம் என்றேன் நான். அதன்பின் சார்ட்டர் பேசியது வேறு மனிதர் பேசுவது மாதிரி இருந்தது. ஆபீஸில் பேசுகிற குரல் அதுதான் போலிருக்கிறது.

"தவறிப்போன தபாலைப் போற வழியில தேட மாட்டோம் தம்பி. கடைசியா எந்த ஆபீசு முத்திரை விழுந்திருக்குன்னு பாப்போம். அங்க இருந்து தேடுவோம். பாலத்துல பாத்தேன், ரோட்டுல பாத்தேன்கிறதெல்லாம் முத்திரை இல்ல. எல்லாரும் சேந்து நின்ன எடம் எது? அங்க அக்கா இருந்தது யாருக்காச்சும் நிச்சயமாத் தெரியுமா?"

நான் பையிலிருந்து டைரியை எடுத்தேன். பத்து ஐம்பது, குழாய். அக்காவுக்கு நான்தான் முதலில் குடிக்க விட்டேன். அவள் குனிந்து குடித்ததும், முந்தானையால் வாய் துடைத்ததும் எனக்கு நிச்சயம். அதற்குப் பிறகு ஒன்றுமே நிச்சயம் இல்லை.

மற்றவர்களைச் சாப்பாட்டு வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் கிளம்பினோம். வழி கேட்கக்கூடாது என்றவர், எதிரே வந்த முதல் ஆளை நிறுத்தித் தம்புச் செட்டித் தெருவுக்கு எந்த பஸ் என்று கேட்டார். அந்த ஆள் சொன்னது சரியா என்று இரண்டாவது ஆளிடம் கேட்டார். பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டரிடமும் கேட்டார். கண்டக்டர், "எத்தினி தபா சொல்றது நைனா, எறங்கற எடம் நான் சொல்றேன், குந்து" என்றார். சார்ட்டர் உட்காரவில்லை. அக்கா கிடைக்காவிட்டால் நானும் ஊருக்கு வரப்போவதில்லை, இங்கேயே தேடிக்கொண்டு இருப்பேன் என்றார். நான் பதில் சொல்லவில்லை. அது இன்றைக்கும் எனக்கு வருத்தம்.

இரண்டு இருபதுக்கு இறங்கினோம். தெருவில் நாங்கள் வந்த வழி எனக்கு அடையாளம் தெரியவில்லை. எல்லாச் சந்தும் ஒன்றுபோல் இருந்தது. அவருக்குத் தெரிந்தது. எந்தக் கம்பெனி வாசலில் நின்று தபால்பெட்டியைத் தொட்டாரோ அதன் பெயரை அவர் மறக்கவில்லை. வருஷக்கணக்காக அந்தப் பெயருக்குக் கடிதம் பிரித்திருக்கிறார். அதற்கு முந்தின கம்பெனி, அதற்கும் முந்தினது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே ஏறக்குறைய ஓடினார். சந்து வந்தது.

சந்தின் வாயிலிலேயே கூட்டம் தெரிந்தது, பேச்சும் கேட்டது. குடங்கள் வரிசையாக இருந்தன. வரிசைக்கு முன்னால், குழாயடிக் கல்லில், முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு என் அக்கா உட்கார்ந்திருந்தாள். ஒரு குடம் நிறைந்ததும் அடுத்ததைத் தள்ளிவைத்தாள். இரண்டு பெண்கள் நிறைந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

கோடையில் எங்கள் ஊரில் கிணறு வற்றி, தண்ணீர் வண்டியில் வரும். குடத்தை இரவே வரிசையில் வைத்துவிட்டு வாசலில் படுப்பவர்கள் உண்டு. குடத்தின் அடியில் தங்கிய தண்ணீரைக்கூட அக்கா கொட்டமாட்டாள், கீரைப்பாத்தியில் விடுவாள். அவளுக்கு முன்னால் ஒரு குழாய் யாருமில்லாமல் ஊற்றிக்கொண்டிருந்தது. அதை விட்டுவிட்டு அவளால் நடக்க முடியவில்லை. மூடப் பார்த்திருக்கிறாள், கைப்பிடி இல்லை. துணியைச் சுற்றிக் கட்டியிருக்கிறாள், நிற்கவில்லை. எதிர்வீட்டுக் கதவைத் தட்டிக் குடம் கேட்டிருக்கிறாள். பிறகு அடுத்த வீடு. ஒன்றரை மணிக்குள் சந்தில் இருந்த அத்தனை பாத்திரமும் நிறைந்து, அடுத்த சந்திலிருந்து ஆள் வர ஆரம்பித்துவிட்டது.

என்னைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"என்ன அப்பு, எங்க போனீக எல்லாரும்? ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக்கூடாதா?"

நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன். அவள் தோளைத் தொட்டேன், ஈரமாக இருந்தது. சந்துப் பெண்களில் ஒருத்தி, "உங்க அக்காவா? நல்லா வேலை வாங்குறாங்க. சாப்பிடச் சொன்னா, குடம் நிறையட்டும்னுட்டாங்க" என்றாள். வரிசையில் நின்ற இன்னொருத்தி, இவர்களை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள் என்றாள். சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

சார்ட்டர் அப்படியே குழாயடிச் சேற்றில் உட்கார்ந்துவிட்டார். வேட்டி நனைவதைப் பார்க்கவில்லை. தலையைக் குழாய்க்கு அடியில் கொடுத்தார். தண்ணீர் தலையிலிருந்து முகத்தில் வழிந்தது. அதில் அழுகை எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. அக்கா கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, அந்தக் குடத்துக்காரி நிக்கிறா. செத்த தள்ளிக்கங்க" என்றாள். அவர் எழுந்து, கைகூப்பி அவளைக் கும்பிட்டார். எதற்கு என்று அவளுக்கு விளங்கவில்லை. வெயில் மண்டையில் ஏறிவிட்டது போலிருக்கிறது, அவருக்கு மோர் வாங்கிக் கொடு என்று என்னிடம் சொன்னாள்.

அவளைக் கிளப்ப இன்னும் இருபது நிமிஷம் ஆனது. குழாய்ப் பொறுப்பைச் சந்துப் பெண்களில் மூத்தவள் ஒருத்தியிடம் ஒப்படைத்து, வரிசையில் யாருக்கு அடுத்து யார் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தாள்.

பகல் சாப்பாட்டை நாலு இருபதுக்குச் சாப்பிட்டோம். எல்லாரும் காத்திருந்தார்கள். பாய் அக்காவைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டு, பிறகு உட்கார்ந்து, "பட்டணத்துலயும் ஒரு வேலை தேடிக்கிட்டீகளேக்கா" என்றார். பிறகு தன் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்துச் சார்ட்டர் இலையில் வைத்தார்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகும் அவர் சார்ட்டராகவே இருந்தார். 1963-இல் பழனிக்கு மாற்றலாகிப் போகும்வரை பக்கத்து வீடுதான். சென்னைத் தெருப்பெயர் கேட்டால் கை எழும்பும், எண்ணும் வரும். அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. சென்னைக்குப் போகிறவர்கள் யாராவது சொல்லிக்கொள்ள வந்தால், எண்ணைச் சொல்லிவிட்டு, "இது கடுதாசிக்கு. காலுக்கு வேற வழி இருக்கும், அங்க கேட்டுக்கங்க" என்பார். தெருவில் ஒருவரும் அதை வைத்து அவரைக் கேலி செய்ததாக என் டைரியில் இல்லை. பாய் மட்டும் எப்போதாவது, ராயப்பேட்டை எங்கே இருக்கிறது சார்ட்டர் என்பார். "அஞ்சு மைல், பாய். அளந்து பாத்துட்டேன்" என்பார் அவர்.

14-ஆம் தேதி மாலை ஆறரைக்குச் சத்திரத்துக்குத் திரும்பினோம். மாடித் தாழ்வாரத்தில் எல்லாரும் உட்கார்ந்ததும் சார்ட்டர் எழுந்து நின்றார். ஊரை ஏமாற்ற நினைக்கவில்லை, நீங்கள் சொன்னதை மறுக்க ஒவ்வொரு நாளும் நினைத்தேன், ஒவ்வொரு நாளும் தள்ளிப்போயிற்று என்றார். நாளைய ரயிலுக்கே எல்லாரையும் ஊருக்குக் கூட்டிப் போய்விடுகிறேன் என்றார். பாய் உடனே, கடற்கரையையும் கலங்கரை விளக்கத்தையும் பார்க்காமல் போனால் முதலாளியிடம் சொல்லக் கதையே இல்லை என்றார். பெண்கள் அக்காவைப் பார்த்தார்கள். காணாமல் போனவள் அவள்; அவள் சொல்வதுதான் முடிவு என்று எல்லாருக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

அக்கா காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "வந்தது வந்தாச்சு. எல்லாத்தையும் பாத்துட்டே போவோம்" என்றாள். "நீங்கதான் தம்பி கூட்டிட்டுப் போகணும். தெரியாட்டிக் கேளுங்க. வாய் இருக்குல்ல."

அவர் தலையை ஆட்டினார். சுவரோரம் கோரைப்பாயை விரித்துப் படுத்தார். ஏழு நாற்பதுக்கு மதினி தோசை வாங்கி வந்தபோது தூங்கிப்போயிருந்தார். அவருடைய இரண்டு பாதங்களிலும் கொப்புளம் உடைந்திருந்தது. மதினி அதில் தேங்காய் எண்ணெய் தடவினாள். அவர் அசையவில்லை.

மறுநாள், 15-ஆம் தேதி வியாழக்கிழமை. நான் வழக்கம்போல ஐந்து மணிக்கு எழுந்தேன். வருஷமெல்லாம் நாலு மணிக்குக் கதவு திறக்கிறவர், ஒருக்களித்துப் படுத்து, வாய் லேசாகத் திறந்து, குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். பாத்திரத்தைச் சத்தமில்லாமல் எடுத்தார்கள், படியில் விரல்நுனியில் இறங்கினார்கள். ஆறு மணிக்குக் கீழ்த்திசைச் சன்னல் வழியே வெயில் நேராக அவர் கண்ணில் விழுந்தது. அக்கா எனக்கு முன்னாலேயே அதைப் பார்த்துவிட்டாள். தன் மாற்றுச் சேலையை மூட்டையிலிருந்து எடுத்து, உதறாமல் பிரித்து, சன்னல் கம்பியில் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக இழுத்துக் கட்டினாள்.